ஆறு இறங்கிய நாள்

மலையடிவாரத்தில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், ஒரு நீர்நாய் தன் மூன்று குட்டிகளோடு வளையில் குடியிருந்தது. அதற்கு இது தலையீற்று.

அந்த வளைவில் காவலுக்குக் குறைவில்லை. ஆற்றின் நடுவே ஒரு பெரிய பாறை. அதன் இடுப்பில், என்றோ வந்த வெள்ளம் விட்டுப்போன செம்மண் கோடு. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் நாரை மூன்று முறை கத்த வேண்டும். கத்தினால் எல்லோரும் மேட்டுக்கு ஓட வேண்டும். அங்கே பெரியதனம் பார்த்துவந்த காட்டுப்பன்றி செய்த ஏற்பாடு இது. சம்பளமாக நாரைக்கு வீட்டுக்கு ஒரு மீன். நல்ல ஏற்பாடுதான். அது வந்த பிறகு நாரையைத் தவிர யாரும் ஆற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த ஆடியில் மழை விடாமல் அடித்தது. நீர்நாய்க்குத் தூக்கம் போயிற்று. வளை வாசலில் தலையை நீட்டித் தண்ணீரைப் பார்க்கும். உள்ளே போய்க் குட்டிகளை முகர்ந்து பார்க்கும். மறுபடி வாசலுக்கு வரும். பக்கத்து வளைக் கீரிக்கு இது நல்ல வேடிக்கை. நாரைக்குத் துணையாக இன்னொரு காவல் வந்துவிட்டது, அதற்கும் மீன் கொடுக்க வேண்டுமோ என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டது.

ஒரு நாள் விடியும் நேரம் மேலே எங்கோ மலை உறுமியது. சற்று நேரத்தில் ஒரு கருமந்தி மரத்துக்கு மரம் தாவி வந்து சேர்ந்தது. மேல் வளைவில் ஒரு சரிவு அப்படியே மரங்களோடு வழுக்கி வந்து, ஆற்றுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டதாம். காட்டுப்பன்றி அக்கறையாக விசாரித்தது. யாருக்கும் அடி இல்லை என்றது மந்தி. அப்படியானால் மேலே விழுந்தது மேலேயே கிடக்கட்டும் என்று காட்டுப்பன்றி பேச்சை முடித்துவிட்டது.

மழை பிடித்த பிடியை விடவில்லை. ஆனால் உச்சிப்பொழுதில் ஆறு இறங்கத் தொடங்கியது. மணல்திட்டுகள் எட்டிப் பார்த்தன. குட்டைகளில் மீன்கள் துள்ளின. தண்ணீர் கோட்டுக்கு வெகு கீழே போய்விட்டது, எல்லோரும் நிம்மதியாக இருக்கலாம் என்று நாரை அறிவித்தது. உடனே எல்லோரும் குடும்பத்தோடு ஆற்றுக்குள் இறங்கி, கைக்கெட்டிய மீனைத் தின்னத் தொடங்கினார்கள்.

நீர்நாய் மட்டும் மீனைத் தொடவில்லை. அது நாரையிடம் ஓடியது.

"அண்ணே, மழை கொட்டுது. தண்ணி எங்கே போச்சு?"

நாரை அலகில் இருந்த மீனை விழுங்கிவிட்டுப் பதில் சொன்னது. "ஏறினா சொல்றதுதான் என் வேலை, தங்கச்சி. இறங்கினா அதுல சொல்ல என்ன இருக்கு?"

வந்த மழைத் தண்ணீர் இங்கே இல்லை. அப்படியென்றால் விழுந்த சரிவுக்குப் பின்னால்தான் நிற்கிறது. எவ்வளவு நேரம் நிற்கும் என்று நீர்நாய்க்குத் தெரியாது. நெடுநேரம் நிற்காது என்று மட்டும் தோன்றியது. ஓடிப்போய்க் காட்டுப்பன்றியிடம் சொன்னது. காட்டுப்பன்றி கோபப்படவில்லை. தலையீற்றுத் தாய்களுக்கு இப்படித்தான் இருக்கும், தன் மனைவிகூட முதல் தடவை இடி இடித்தால் குட்டிகளைக் கிளப்பிக்கொண்டு மேட்டுக்கு ஓடுவாள், அடுத்த ஈற்றில் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஆறுதல் சொன்னது.

"நீ ஆத்தைப் பாக்காதே தாயி, கோட்டைப் பாரு."

நீர்நாய் வளைக்கு ஓடியது. ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தில் கவ்வி, உயரத்தில் இருந்த பாறைத்தட்டில் கொண்டுபோய் வைத்தது. மூன்றாவதை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தது. கீழே ஈர மணலில் பன்றிக்குட்டிகளும் கீரிக்குட்டிகளும் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன. தன் குட்டிகள் பத்திரம். அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். உட்கார முடியவில்லை.

மறுபடி இறங்கிப் போய்க் கூப்பிட்டது. சிரித்தார்கள். கெஞ்சியது. இன்னும் சிரித்தார்கள். சட்டென்று காட்டுப்பன்றியின் கடைக்குட்டியைக் காதில் கவ்வி இழுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடியது!

குட்டி போட்ட கூச்சலில் தாய்ப்பன்றி பாய்ந்து துரத்தியது. அதன் பின்னால் காட்டுப்பன்றி. அதன் பின்னால் மற்றக் குட்டிகள். ஒரு நல்ல சண்டையை யார் விடுவார்கள்? கீரி தன் குடும்பத்தைத் திரட்டிக்கொண்டு வந்தது. மந்தியும் வந்தது. பாதி தின்ற மீனோடு மிச்சப் பேரும் வந்தார்கள்.

பாறைத்தட்டில் நீர்நாய் பன்றிக்குட்டியை விட்டுவிட்டுத் தரையோடு படுத்துக்கொண்டது. காட்டுப்பன்றி கோரைப்பல்லை உயர்த்தியது. குத்தவில்லை. மேலே கேட்ட சத்தத்தில் அதன் தலை தானாகத் திரும்பிவிட்டது.

சரிவு உடைந்து ஆறு வந்தது. வேரோடு மரங்களும் சேறும் பாறையுமாக வந்தது. விளையாடிய மணல் போயிற்று, வளைகள் போயின. தண்ணீர் செம்மண் கோட்டைத் தொட்ட அந்தக் கணத்தில், ஆகாயத்தில் பறந்தபடி நாரை கடமை தவறாமல் மூன்று முறை கத்தியது. அடுத்த கணம் பாறையே இல்லை.

வெள்ளம் வடிந்ததும் மேட்டில் கூட்டம் கூடியது. கோடு தொட்ட நேரத்தைப் பிசகாமல் சொன்னதற்காக நாரையைப் பாராட்டினார்கள். இனி வீட்டுக்கு இரண்டு மீன். வேறொரு பாறையில் புதுக் கோடு போடுவதென்றும் முடிவாயிற்று. சண்டை பார்க்க மேலே வந்தோம், பிழைத்தோம், எல்லாம் நம் நல்ல நேரம் என்று கீரி சொன்னது. கடைசியாக, பிள்ளையின் காதைக் கடித்த குற்றத்துக்கு நீர்நாய் எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காட்டுப்பன்றி தீர்ப்புச் சொன்னது.

நீர்நாய் கேட்டுவிட்டது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகளும் உலர்ந்து, சூடாகத் தூங்கின. அதற்கு அது போதும்.

கூட்டம் கலைந்தது. தாய்ப்பன்றி மட்டும் போகவில்லை. கடைக்குட்டியின் காதை நக்கிக்கொண்டே நீர்நாயின் அருகில் வந்து படுத்தது. கணவன் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டது.

"ஏன்டியம்மா, தண்ணி இப்போ ஏறுதா, இறங்குதா?"

மழை கொட்டும்போது ஆறு வற்றுவதைக் கண்டு நிம்மதி அடைகிறவரைக் காட்டிலும், ஏன் என்று கேட்டுப் பயப்படுகிறவரே தன்னையும் பிறரையும் காப்பாற்றுவார்.