விளையாட்டின் வாசலில் நாய் நின்ற காலம்

கம்ப்யூட்டர் விஷயம். ஒன்று கிடக்க ஒன்று சொல்லிவிடுவோமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் கேள்விப்பட்டபடியே சொல்லலாம்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குள்ளும் பிராணிகள் குடியிருந்தன. மனிதரோடு பேசவும் செய்தன. விளையாட்டெல்லாம் பளபளக்கும் சிடியில்தான் கடைக்கு வரும். மரகதவல்லி என்பவள் மாட்டுவண்டிப் பந்தய விளையாட்டு ஒன்றை வெளியிட்டாள். வருடக்கணக்கான உழைப்பு. ஒருவர் வாங்கி ஊரே நகலெடுத்துக்கொண்டால் என்ன செய்வது? அந்தக் கவலையில் விளையாட்டின் வாசலில் ஒரு நாயைக் கட்டினாள். "சிடியை மோந்து பாரு. அசல் வாசனை இருந்தாத்தான் உள்ளே விடணும்" என்று பழக்கினாள்.

பெருச்சாளி ஒன்று விளையாட்டின் சுவரடியில் வளை பறிக்க ஆரம்பித்தது. அது உள்ளே போய்ச் சேர்வதற்குள் நல்ல விற்பனை. பிறகு, நாயில்லாத நகலைத் தெருத்தெருவாகக் கொடுத்தது. மரகதவல்லி வயிற்றெரிச்சலோடு நாயின் சங்கிலியை இன்னும் இறுக்கினாள்.

வருடங்கள் போயின. ஒருநாள் தூத்துக்குடி சாலமோன் வந்து நின்றார். முதல் நாளே காசு கொடுத்து வாங்கியவர். இப்போது அவர் சிடி முழுக்கக் கீறல்.

"உங்க நாய் என்னையத் திருடன்னு நெனச்சுக் குரைக்குதுக்கா. வீட்டுல எம் பொண்டாட்டி சிரிக்கா."

"இவர் நம்ம ஆளுடா, விடு" என்றாள் மரகதவல்லி.

"ஆளைத் தெரியாது. வாசனைதான் தெரியும். நீங்கதானே பழக்கினீங்க" என்றது நாய்.

அவள் பதறிப்போய், அலமாரியில் இருந்த தன் சிடியை எடுத்து நீட்டினாள். மழைக்கால ஈரத்தில் அதில் பூசணம் பூத்திருந்தது. நாய் முகர்ந்து பார்த்துவிட்டு அவளையும் பார்த்துக் குரைத்தது. அசலெல்லாம் இப்படியே போய்விட்டால் தன் விளையாட்டை இனி யார்தான் ஆட முடியும்?

பெருச்சாளி எட்டிப் பார்த்தது. "எங்கிட்ட ஒண்ணு இருக்கு. நல்லா ஓடுது. வேணுமா முதலாளியம்மா?"

"குடு, மூதேவி."

திரையில் காளைகளின் சலங்கை கேட்டது. சாலமோன் நாற்காலியை இழுத்துப் போட்டார். முதல் திருப்பத்திலேயே அவர் வண்டி குடை சாய்ந்தது. அந்த நாளில் திட்டிய மாதிரியே மாட்டைத் திட்டினார். மரகதவல்லிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

போய்ச் சங்கிலியை அவிழ்த்தாள்.

"திருட்டுப் போயிடுமே அம்மா" என்றது நாய்.

"அது எப்பவோ போச்சு. இனிமே தொலைஞ்சு போகாம இருக்கணும்."

அன்று முதல்தான் விளையாட்டு வெளியிடுகிறவர்கள், புதிதில் வாசலில் நாயைக் கட்டினாலும், வாங்குகிற கூட்டம் ஓய்ந்தபின் ஒருநாள் அவிழ்த்துவிடுகிறார்கள். மரகதவல்லிக்கோ அப்போதும் தொலைந்துபோகுமோ என்ற பயம் தீரவில்லை. பெருச்சாளியின் நகலையே பிரதி போட்டு, வாங்கினவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அனுப்பிவைத்தாள்.