தோளில் மூன்று வளையங்கள்

"மகள் முகம் மறந்துபோச்சு சாமி" என்றான் பிச்சைமுத்து.

குரு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிச்சைமுத்துவைவிடப் பத்து வயது இளையவர்.

"சிறுத்தை?"

"அது அப்படியே இருக்கு."

ஆறு மாதத்துக்கு முன், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீட்டின் பின்புறம், ஏழு வயது செவ்வந்தியைச் சிறுத்தை தூக்கிப் போனது. வீட்டிலிருந்த அவளுடைய ஒரே போட்டோ நிவாரண மனுவோடு போய்விட்டது.

வனத்துறையினர் அவனை உட்கார வைத்து, கேமராவில் பதிந்த சிறுத்தைகளைக் காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் புள்ளிகள் வேறு. கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான். மூன்றாம் நாள் ஒரு படத்தின் மேல் விரலை வைத்தான். கூண்டு வைத்துப் பிடித்து, எங்கோ கொண்டுபோனார்கள்.

"கண்ணை மூடினா அதுதான் வருது. அதை அழிச்சுக் குடுங்க."

"மூடுங்க."

"சாமி..."

"மூடிட்டு, அது எப்படி இருக்குன்னு சொல்லுங்க. வாலிலிருந்து."

பிச்சைமுத்து மூடினான்.

"நுனி வளைஞ்சிருக்கு. அடிப்பக்கம் வெள்ளை."

"ம்."

"முதுகெல்லாம் கறுப்பு வளையம். உள்ள கொஞ்சம் கருமஞ்சள். எதுவும் முழுசா மூடலை. இடது தோள்ல மூணு வளையம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கு. அதை வச்சுத்தான் காட்டிக்கொடுத்தேன்."

"கழுத்து?"

"அங்க வளையம் இல்ல. நெருக்கமா பொட்டுப் பொட்டா. காதுக்குப் பின்னால கறுப்பு, நடுவுல ஒரு வெள்ளை. மீசை நீளம். ஈரமா இருக்கு."

மீசையோடு நிறுத்தினான்.

"வாய்?"

குரு ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டார்.

"வாய்ல என்ன இருக்கு?"

"காலர்."

"என்ன நிறம்?"

"பச்சை. பள்ளிக்கூடச் சட்டை."

"பொத்தான் போட்டிருக்கா?"

"மேல் பொத்தான் இல்ல. காலையிலேயே தச்சுக் குடுன்னு வந்து நின்னா. தோட்டத்துல வேலைக்குப் பேரெடுக்கப் போகணும், நேரமாச்சுன்னு ஊக்கு குத்திவிட்டேன்."

"குத்தும்போது?"

"கை பட்டு, கூசுதுப்பான்னு நெளிஞ்சா. ஆடாத புள்ள, குத்திரும்னேன். கழுத்தைத் தூக்கிக் காட்டினா..."

குருவின் கை முறத்தில் அசையாமல் நின்றது.

"சிரிக்கிறா. முன்பல் ரெண்டும் இல்ல சாமி. அந்த வாரம்தான் விழுந்துச்சு."

பிச்சைமுத்துவின் இமைகள் பிரியப் பார்த்தன.

"கண்ணைத் திறந்துடாதீங்க" என்றார் குரு.