நூற்று அறுபத்து மூன்றாவது கோடு

திருச்சியில் வரதராஜுலு என்று ஒருவர், ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வுபெற்றவர். ஒலி விஷயத்தில் அவருடைய குரு பெனாசிர், அவரைவிட இருபது வயது இளையவர். சினிமா தியேட்டர்களில் ஒலியைச் சரிசெய்வது தொழில். காலித் தியேட்டரில் ஒருமுறை கைதட்டினால் போதும், எந்த வரிசையில் எந்த நாற்காலிக்கு ஆணி கழன்றிருக்கிறது என்று சொல்லிவிடுவார். நம்பாமல் போய் உட்கார்ந்தவர்கள் விழுந்திருக்கிறார்கள்.

வீட்டுச் சுவரும் தரையும் பாட்டைக் கெடுக்கின்றன, மைக் வைத்து அளந்து, அடித்தொனியிலிருந்து மேல்தொனிவரை எது எவ்வளவு ஒலிக்கவேண்டும் என்று கம்ப்யூட்டரில் ஒரு கோடு வரைந்தால் ஸ்பீக்கர் அதன்படி பாடும் என்று சீடருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். எந்தக் கோடு என்று சொல்லவில்லை. தட்டையாகப் போட்டால் பாட்டில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. அடிப்பக்கத்தைத் தூக்கினால் மிருதங்கம் எழுந்து அடுத்த தெருவுக்கு நடந்தது. மேல்பக்கத்தை இறக்கினால் பாடகர் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். பதினாலு மாதத்தில் நூற்று அறுபத்திரண்டு கோடுகள் போட்டாயிற்று.

முன்பெல்லாம் மாலை ஆறு மணிக்கு மனைவி கமலவேணியும் வந்து பக்கத்தில் உட்காருவார். ஒரு இசைத்தட்டு முழுக்க ஓடும்வரை இருவரும் பேசமாட்டார்கள். இப்போது அந்த அம்மாள் வருவதில்லை. சத்தம் சரியில்லை, அதனால்தான் என்பது வரதராஜுலுவின் முடிவு. சரியான கோடு அகப்பட்டால் வந்துவிடுவாள். ஆனால் அவருக்கே இப்போது பாட்டு கேட்பதில்லை, கோடுதான் கேட்கிறது. அலுத்துப்போய் குருவை வரவழைத்தார்.

மூன்று தியேட்டர் முடித்துவிட்டு வந்த பெனாசிர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சீடர் ஒவ்வொரு கோடாகப் போட்டுக் காட்டினார். நாற்பதாவதில் குரு குறட்டை விட்டாரோ என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

"எது சரி, டீச்சர்?"

பெனாசிர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "நீங்க எதுல உக்காருவீங்க, சார்?"

அவர் இடப்பக்க நாற்காலியைக் காட்டினார். வலப்பக்க நாற்காலியில் மைக் நின்றது. ஸ்டாண்டின் மூன்று கால்களும் மெத்தையோடு டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தன.

"அது அவ எடம்," என்றார் வரதராஜுலு. "அவ காது உசரத்துக்குத்தான் வெச்சிருக்கேன். அரை அங்குலம் நகந்தாலும் முதல்லேர்ந்து அளக்கணும். தூசி தட்டக்கூட யாரையும் விடறதில்ல."

கமலவேணி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, போகாமல் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றார். நீங்களும் உட்காருங்களேன் என்றார் பெனாசிர்.

"அந்த ஐயா எந்திரிச்சா சொல்லுங்க," என்று மைக்கைக் காட்டினார் கமலவேணி. குரலில் கோபமில்லை. பலமுறை சொல்லித் தேய்ந்த குரல்.

குரு காபியை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு எழுந்து போய் ஸ்டாண்டைக் கழுத்தோடு பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். டேப் கிழிந்த சத்தத்தில் சீடருக்கு மூச்சு நின்றது. பெனாசிர் அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறை நிலையோரம், கமலவேணியின் பக்கத்தில் நிறுத்தினார்.

"பதினாலு மாசமா அம்மா இங்க நின்னுதான் கேக்குறாங்க," என்றார். "அளக்கறதா இருந்தா இங்க அளங்க, சார்."

வரதராஜுலு வலப்பக்க நாற்காலி முன் குந்தி, மெத்தையில் மிச்சமிருந்த டேப்பை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். அது லேசில் வரவில்லை.