இரண்டு அட்டை மாத்திரை

அந்த மடத்தில் ஒரு மருந்து அலமாரி இருந்தது. ஊரில் யாராவது நோயில் இறந்துபோனால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, மீந்துபோன மாத்திரைகளை வீட்டார் கொண்டுவந்து அடிகளிடம் கொடுத்துவிடுவார்கள். அடிகள் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பார். காலாவதியானதைத் தனியே போடுவார். மற்றதைப் பெயர் பார்த்து அடுக்குவார். கேட்டு வருகிறவர்களுக்கு, மருந்துச் சீட்டைப் படித்துப் பார்த்துக் கொடுப்பார்.

அவருடைய சீடர்களில் செங்கோடன் என்பவன் ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கைக் குழுவில் இருந்தான். ஒரு நாள் காலை சில தாள்களுடன் வந்து அவர் எதிரில் உட்கார்ந்தான்.

மருத்துவர் எழுதித் தரும் எந்த மருந்தும் எல்லாருக்கும் இலவசம் என்று அவன் கட்சி அறிவிக்கப் போகிறது. எதிரணியும் அதையேதான் சொல்கிறது. ஆனால் அவர்கள் பதவியேற்கும் நாளிலிருந்தே எல்லாருக்கும் என்கிறார்கள். அது வெறும் பேச்சு, அவ்வளவு நிதி கிடையாது என்று செங்கோடன் விளக்கினான். அவன் எழுதிய வரைவில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் ஆண்டு குழந்தைகள். பிறகு வேலைக்குப் போகிறவர்கள். நான்காம் ஆண்டில் முதியவர்கள்.

"முதலில் குழந்தைகள். இதில் தவறு இருக்கிறதா, சுவாமி?"

அடிகள் பதில் சொல்வதற்குள் பேச்சித்தாய் வந்தாள். தீப்பெட்டி ஆலையில் வேலை செய்பவள். அவள் மகள் கனிமலருக்கு எட்டு வயது. வலிப்பு நோய். அரசு மருத்துவமனையில் ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கிக்கொள் என்று மூன்றாவது முறையாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியில் என்றால் நகரத்துக் கடை. அங்கே ஒரு மாத மருந்து அவளுடைய ஒரு மாதக் கூலியைத் தாண்டும். போன முறை மாத்திரை நின்றபோது பிள்ளை பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டாள். ஆயா பார்த்துத் தூக்கியதால் பிழைத்தாள். இப்போது கையில் இருப்பது இன்றைக்கு மட்டும்தான்.

அடிகள் அலமாரியைத் திறந்து பார்த்தார். அந்த மாத்திரை இல்லை.

"யாரும் சாகலையா, சாமி?" என்று கேட்டாள் பேச்சித்தாய். கேட்ட பிறகு தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடிகள் செங்கோடன் பக்கம் திரும்பினார்.

"இருந்த இரண்டு அட்டையையும் நேற்றுத்தான் சூசைமாணிக்கத்துக்குக் கொடுத்தேன். அவருக்கும் இதே நோய். நீ போய்க் கேட்டுப் பார்."

சூசைமாணிக்கம் முன்பு லாரி ஓட்டியவர். ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். செங்கோடனின் கரை வேட்டியைப் பார்த்ததும் ஓட்டுக் கேட்க வந்திருப்பதாக நினைத்தார். தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே வந்தாச்சா, இந்தத் தடவை நிலைமை அவ்வளவு மோசமா என்று கேலி செய்தார். செங்கோடன் வந்த காரியத்தைச் சொன்னான்.

கிழவர் சிரிப்பதை நிறுத்தினார். சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினார். முழங்கைவரை வெந்து சுருங்கிய தோல்.

"மாத்திரை நின்ன அன்னைக்கு அடுப்பு மேல விழுந்தேன். பக்கத்துல ஆள் இல்ல. நாத்தம் வந்த பிறகுதான் எதிர்வீட்டுக்காரன் ஓடிவந்தான். பிள்ளைய நினைச்சா பாவமாத்தான் இருக்கு, தம்பி. ஒண்ணுகூடத் தர முடியாது."

செங்கோடன் எழுந்துகொள்ளவில்லை. திட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினான். அவனே எழுதிய பக்கம் என்பதால் சொற்கள் தடையில்லாமல் வந்தன. சூசைமாணிக்கம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"வருமானச் சான்று, அது இதுன்னு அலைய விடுவாங்களே?"

"எதுவும் வேண்டாம். மருந்துச் சீட்டு போதும்."

"ஜெயிப்பீங்களா?"

"இந்த முறை நாங்கதான்."

கிழவர் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். பிறகு தலையணைக்கு அடியில் கையை விட்டு இரண்டு அட்டைகளையும் எடுத்தார்.

"ஆறு வாரம்தானே. அடுப்பே பத்த வைக்காம டீக்கடையில ஓட்டிருவேன். பிள்ளைக்குக் கொண்டு போங்க. எனக்குத்தான் வந்துருமே."

ஒன்றைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று செங்கோடனுக்குத் தோன்றியது. கொடுக்கவில்லை.

மறுநாள் காலை அவன் மடத்துக்கு வந்தான். நடந்ததில் எதையும் மறைக்காமல் சொன்னான். மாத்திரையை வாங்கியபோது பேச்சித்தாய் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுததைச் சொன்னான். அடிகள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சூசைமாணிக்கத்துக்கு எப்போது வரும் என்று சொன்னாய்?"

"எல்லாருக்கும் வரும் என்று சொன்னேன்."

"எப்போது என்று கேட்டேன்."

"நான்காம் ஆண்டு," என்றான் செங்கோடன். சற்றுப் பொறுத்து, "ஜெயித்தால்," என்றான்.

"அது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது, சுவாமி. தெரிந்தால் மாத்திரையைத் திருப்பிக் கேட்பார். கனிமலர் இன்று காலையும் விழுங்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்."

செங்கோடனே தொடர்ந்து கேட்டான்.

"அப்படியானால் முதலில் குழந்தைகள் என்று நான் எழுதியது தவறா?"

"தவறு என்று நான் சொல்லவில்லை," என்றார் அடிகள். "அதைச் சூசைமாணிக்கத்திடம் போய்ச் சொல்ல யாரை அனுப்பட்டும்?"