மன்னன் இலையில் மிளகாய்

ஒரு காலத்தில், ஊருக்கு வெளியே போட்ட பந்தலில், ஒரு சோழ மன்னன் சாப்பிட உட்கார்ந்தான். சினிமாவுக்காகத்தான். வாழையிலையில் நெய்ச்சோறு, சோறெங்கும் மிளகு. சமையல்காரர் சூசை கைப்பழக்கத்தில் ஓரத்தில் ஒரு பச்சைமிளகாயையும் வைத்துவிட்டார்.

மிளகாய்க்குத் தலைகால் புரியவில்லை. காம்பை நிமிர்த்திக்கொண்டு கேமராவைப் பார்த்தது.

படத்துக்கு வரலாறு சொல்லித்தர வந்திருந்த பேராசிரியர் தமயந்தி குனிந்து பார்த்தார். "ஐயோ, மிளகாயா! காலவழு. முதல்ல எடுங்க."

"அண்ணே, காலவழுன்னா என்ன?" என்று பக்கத்து மிளகைக் கேட்டது மிளகாய்.

"அண்ணன் கிண்ணன்னு உறவு கொண்டாடாதே. 'நேத்து வருவேன்'னு ஒருத்தன் சொன்னா தப்புதானே? அந்தத் தப்புக்கு இலக்கணக்காரங்க வச்ச பேரு. இப்ப, தன்னோடது இல்லாத காலத்துல போய் உட்கார்ற பொருளுக்கும் அதையே சொல்றாங்க. இந்த ராசா செத்துப் பல தலைமுறை கழிச்சுத்தான் நீ கப்பல்ல வந்தே."

"அப்புறம் ஏன் எனக்கு உங்க பேரு?"

"நீ வந்து இறங்கினப்ப உன்னை என்னன்னு கூப்பிடறதுன்னு யாருக்கும் தெரியல. என்னை மாதிரியே எரிஞ்சே. என் பேரோட ஒரு 'காய்' சேர்த்துக் குடுத்துட்டாங்க. என்னை யாரு கேட்டா?"

சூசை மிளகாயை எடுத்துக் கூடையில் போட்டார். அங்கே அதேபோலப் பிற்காலத்தில் கப்பலேறி வந்த தக்காளியும் உருளைக்கிழங்கும் ஏற்கெனவே கிடந்தன. "வாப்பா, நீயும் லேட்டா?" என்றது தக்காளி.

மிளகாய் சிரிக்கவில்லை. ராசா இலையில் ஒரு வாய்க்காவது இருந்துவிட வேண்டும் என்றிருந்தது அதற்கு.

படப்பிடிப்பு தொடங்கியது. போர் முடிந்து வந்த மன்னன், தாய் கைச் சோற்றை வாயில் வைத்ததும் கண்கலங்க வேண்டும். மன்னனாக நடித்த தனபாலன் ஒரு மிளகை நறுக்கென்று கடித்தார். இருமல் வந்தது. இன்னொன்றைக் கடித்தார். தும்மல் வந்தது.

"மன்னர் அழணும் சார். ஜலதோஷம் பிடிக்கக் கூடாது" என்றார் இயக்குநர்.

மிளகுக்கு அவமானமாகப் போய்விட்டது.

தனபாலன் சூசையை ஜாடை காட்டி அழைத்தார். "அண்ணாச்சி, அந்தப் பச்சைமிளகாயைச் சோத்துக்குள்ள சொருகுங்க. அந்தப் பேராசிரியரம்மா கண்ணுல பட வேண்டாம்."

சூசை சொருகினார். அவசரத்தில் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தமயந்தி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இலைமேல் குனிந்தார்.

"அண்ணே..." என்றது மிளகாய், மூச்சுவிடாமல்.

மிளகு சற்று யோசித்தது. பிறகு குவியலின் உச்சியிலிருந்து உருண்டது. உருண்ட வேகத்தில் சில பருக்கைகள் சரிந்து காம்பை மூடின.

மன்னன் ஒரு வாய் அள்ளினான். கடித்தான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "அம்மா!" என்றான். வசனத்தில் அது இல்லை.

"இதுதான்!" என்று கைதட்டினார் தமயந்தி. "அசல் பழந்தமிழ்ச் சுவை!"

இலையில் மிச்சமிருந்த பாதி மிளகாய் மிளகைப் பார்த்தது. "உங்களைத்தாண்ணே சொல்றாங்க."

"நம்மளைத்தான்டா தம்பி" என்றது மிளகு.