ரவுட்டருக்கு அடியில் சந்தனம்

எங்கள் மகளிர் விடுதியில் சாயங்காலம் ஆறு மணியானால் வைஃபை நின்றுவிடும். ஆண்கள் விடுதியில் மட்டும் விடிய விடிய ஓடும். இது எந்த ஊர் நியாயம் என்று வார்டன் திலகவதி மேடத்திடம் எத்தனையோ முறை கேட்டாயிற்று.

அன்று என் அறைத்தோழி அமலியின் உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். பாதி நிரப்பியபோது மணி ஆறு. செல்போன் சிக்னலும் இல்லை. வைஃபையைப் போடச் சொல்லிக் கேட்க இருவரும் மேடத்தின் அலுவலக அறைக்கு ஓடினோம்.

"ரவுட்டர் செட்டிங்ஸுக்கு நானே யோசிச்சு வச்ச பாஸ்வேர்டு. முடிஞ்சா திறங்க. திறந்துட்டா இனிமே நிறுத்தவே மாட்டேன்" என்றார் மேடம்.

அறையைக் கூட்டிக்கொண்டிருந்த செங்கமலம் அக்கா துடைப்பத்தைச் சாத்தினார். "நான் திறக்கட்டுமா மேடம்?"

"நீயா? தாராளமா!"

அக்கா ரவுட்டரைக் கவிழ்த்து ஈரத்துணியால் துடைத்தார். போன ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் கரைந்து, கம்பெனி ஒட்டிய லேபிள் தெரிந்தது. அதிலிருந்த பாஸ்வேர்டை மேடத்தின் கம்ப்யூட்டரிலேயே தட்டினேன். செட்டிங்ஸ் திறந்துகொண்டது!

"உனக்கெப்படித் தெரியும்?" மேடம் திகைத்தார்.

"மெஷினுக்கு எல்லாரும் முகத்துலதான் பொட்டு வைப்பாங்க. நீங்க மட்டும் அடியில சந்தனத்தை அப்பச் சொன்னீங்க. அப்பவே சந்தேகம். ஆனா ஒண்ணு புரியல மேடம். நீங்க யோசிச்சு வச்சதை, கம்பெனிக்காரன் எப்படி முன்னாடியே அச்சடிச்சான்?"

முறைக்கப் பார்த்த மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு மணித் தடையைத் தன் கையாலேயே எடுத்தார். அமலியின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

இந்த ஆயுத பூஜைக்கு எங்கள் ரவுட்டருக்கு முகத்தில்தான் பொட்டு. வைத்தது மேடமேதான்.