சேவல் காலடியில் ஒரு புள்ளி

தணிகாசலம் நாணயத்தைப் புத்தகத்தில் இருந்த படத்துக்கு அருகில் வைத்து, உருப்பெருக்கியை அமலோற்பவத்தின் பக்கம் நகர்த்தினார்.

"பாருங்கம்மா. சேவல் காலடியில புள்ளி. உங்க படத்துல இருக்கிற மாதிரியே."

அவரைவிட வயதில் இளையவள் அவள். ஆனாலும் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் அவளிடம்தான் பாடம் கேட்டுவந்தார். புழக்கத்துக்கு விடாமல், மாதிரிக்காக மட்டும் அடித்துப் பார்த்த தங்க நாணயங்களைப் பற்றி அவள் எழுதிய புத்தகம் அது. படங்களும் அவள் வரைந்தவை. நூறு பிரதிகளே அச்சாயின. வைத்திருப்பவர்கள் அதையும் நாணயம் போலப் பூட்டி வைத்தார்கள். தணிகாசலம் தன் பிரதியை மனப்பாடம் செய்திருந்தார். சேவல் நாணயம் உலகத்தில் ஒன்றே ஒன்று என்று அதில் இருந்தது.

அமலோற்பவம் உருப்பெருக்கியைத் தொடவில்லை.

"இந்தச் சேவலை வேற யாராவது கொண்டுவந்தாங்களா?"

தரகரிடம் இதை வாங்குவதற்குச் சற்று முன்பு ஒரு பெண் தன்னிடம் வந்ததாகத் தணிகாசலம் சொன்னார். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். அவள் காட்டிய நாணயத்தில் புள்ளி இல்லை. தங்கம் நல்ல தங்கம்தான், நாணயம் போலி, உருக்கி எடைக்குப் போட்டுவிடு என்று ஆசாரி கடைக்கு வழியும் சொல்லி அனுப்பினாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"புள்ளி நான் வச்சது," என்றாள் அமலோற்பவம். "அசல்ல கிடையாது. என் படத்தைப் பாத்து அடிக்கிறவன் மாட்டட்டும்னு வச்சேன்."

தணிகாசலம் செருப்பைக்கூட மாட்டாமல் ஆசாரி கடைக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்தார். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு தங்கக் கட்டி.

அந்தப் பெண் காசை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாளாம். ஏமாந்து போகாமல் காப்பாற்றிய ஐயாவுக்கு நன்றி சொல்லச் சொன்னாளாம்.

கட்டியை அமலோற்பவம் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதே காகிதத்தில் வைத்தாள்.

"என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேம்மா."

அவள் பொட்டலத்தை மடித்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அடுத்த பதிப்புலயாவது அந்தப் புள்ளியை எடுத்துடுவீங்களா?"

"எடுத்துடலாம். அதுக்கு இனிமே வேலையில்ல. இனி வர்ற சேவல் எல்லாமே போலிதான்."

தணிகாசலம் படத்தின்மேல் மெல்லிய தாளை இறக்கி, சுருக்கத்தை விரலால் நீவிவிட்டு, புத்தகத்தை மூடினார்.